மூன்று ஐயுஐ பலிக்கவில்லை, நான்காவது செய்யலாமா?

எனக்கு 33 வயது, கணவருக்கு 36. கல்யாணமாகி ஐந்து வருடம். திண்டுக்கல்லில் இருந்து மதுரைக்குப் போய்த்தான் சிகிச்சை எடுக்கிறோம். மூன்று முறை ஐயுஐ (கணவரின் விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் சிகிச்சை) செய்தும் கரு நிற்கவில்லை.

எனக்கு மாதவிலக்கு ஒழுங்காக வரும். தைராய்டு சரி, முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் 1.9. ஹெச்எஸ்ஜி எக்ஸ்ரேயில் இரண்டு கருக்குழாயிலும் அடைப்பில்லை. கணவருக்கு விந்தணு எண்ணிக்கை மில்லிக்கு 1.8 கோடி, ஆனால் நகரும் அணுக்கள் 30 சதவீதம்தான். சிகரெட்டை விட்டு எட்டு மாதம் ஆகிறது, அதில் அவர் உறுதியாக இருக்கிறார்.

பிப்ரவரி, மார்ச், மே என மூன்று தடவையும் ஒரே வழிதான். இரண்டாம் நாளிலிருந்து ஐந்து நாள் முட்டை வளர லெட்ரோசோல் மாத்திரை 5 மி.கி., ஸ்கேனில் முட்டைப்பை 18-20 மி.மீ. வந்ததும் முட்டை வெளியாக ஹெச்சிஜி ஊசி, 36 மணி நேரம் கழித்து ஐயுஐ, அப்புறம் கரு தங்க இரண்டு வாரம் புரோஜெஸ்டிரோன் மாத்திரை. ஏப்ரலில் சினைப்பையில் நீர்க்கட்டி தெரிந்ததால் அந்த மாதம் விட்டுவிட்டோம். மே மாதம் ஐயுஐக்குப் பிறகு மாதவிலக்கு மூன்று நாள் தள்ளிப்போனது. ஆசையில் மாமியாரிடம்கூடச் சொல்லிவிட்டேன். ரத்தப் பரிசோதனையில் இல்லை என்று வந்துவிட்டது. தள்ளிப்போனது புரோஜெஸ்டிரோன் மாத்திரையால்தானாம். அந்த நாளை இன்னும் மறக்க முடியவில்லை.

இப்போது டாக்டர் இரண்டு வழி சொல்கிறார்: முட்டை வளர ஹார்மோன் ஊசி போட்டு இன்னொரு ஐயுஐ, இல்லையென்றால் நேராக ஐவிஎஃப் (கருவை வெளியே உருவாக்கிக் கருப்பைக்குள் வைப்பது). ஐவிஎஃப் ஒரு முறைக்குத்தான் கையில் பணம் இருக்கிறது. அடுத்த மாதவிலக்குக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

கணவருக்கு அணுக்களின் நகர்வு இதேபோல் குறைவாக இருந்து, மூன்று ஐயுஐ பலிக்காதவர்கள் அடுத்து எதைச் செய்தீர்கள், ஊசியோடு நான்காவது ஐயுஐயா, ஐவிஎஃபா?