காலிக் கோட்டைக்குள் இரண்டு இரவுகள்: எப்படித் திட்டமிடுவது?

கேள்வி

வணக்கம். வரும் பிப்ரவரியில் சென்னையிலிருந்து கொழும்பு வழியாக இலங்கையின் காலி நகருக்குச் சென்று, கோட்டை மதிலுக்குள்ளேயே இரண்டு இரவுகள் தங்கலாம் என்று எண்ணியிருக்கிறோம். எழுபது வயதைக் கடந்த என் தாயாரும், பள்ளியில் படிக்கும் மகளும் உடன் வருகிறார்கள். அம்மா சைவ உணவு மட்டுமே உண்பவர். அதிகப் படிகள் ஏறுவது அவருக்குச் சிரமம். கொழும்பிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம், தங்குவது வீண்செலவு என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். மகளுக்கு வரலாற்றில் ஆர்வம் மிகுதி என்பதால் அவசரமின்றிப் பார்க்க விரும்புகிறேன். ரயிலில் போவதா, காரில் போவதா, எதைக் கட்டாயம் பார்க்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதை அறிந்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

கட்டாயம் தங்குங்கள். மதிலின் மேல் நிழல் என்பதே கிடையாது. ஒரே நாளில் வந்து திரும்புகிறவர்கள் பெரும்பாலும் உச்சி வெயிலில்தான் வந்து சேர்கிறார்கள், காற்று குளிரத் தொடங்கும் நேரத்தில் கிளம்பியும் விடுகிறார்கள். விடிந்ததும் ஒரு முறை, மாலை ஐந்து மணிக்குப் பிறகு ஒரு முறை மதில்மேல் நடந்து, இடைப்பட்ட நேரத்தை வீட்டுக்குள்ளும் தேவாலயத்திலும் அருங்காட்சியகத்திலும் கழிப்பதுதான் இந்த ஊருக்கு ஏற்ற முறை. அதற்கு உள்ளே தங்கினால்தான் வசதிப்படும்.

உங்கள் தாயாரைப் பற்றிக் கவலை வேண்டாம். ராம்பார்ட் தெருப் பக்கம் மதிலின் உட்புறம் புல்தரையாகச் சரிந்து உயர்வதால், கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறிவிடலாம். ஆனால் கடல் பக்கம் பல இடங்களில் கைப்பிடிச் சுவர் இல்லை. மகளை ஓடவிடாதீர்கள். மதிலின் தென்முனையில் உள்ள கொடிப்பாறையிலிருந்து இளைஞர்கள் கடலில் குதித்துக் காட்டிப் பணம் கேட்பார்கள். பிள்ளைகள் பார்க்க வேண்டிய காட்சி அது அன்று என்பது என் கருத்து.

தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தரைத்தளத்தில் அறை வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். பழைய ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கால வீடுகளில் மாடிப்படிகள் செங்குத்தானவை.

மறுமொழி 2

நான் கொழும்பில் வசிப்பவன். கொழும்பின் கோட்டை புகையிரத (ரயில்) நிலையத்திலிருந்து கரையோரப் பாதையில் செல்லும் வண்டியில் வலப்பக்க இருக்கையைப் பிடித்துவிட்டால், வழியின் பெரும்பகுதியில் கடல் கண்ணெதிரே வரும்; பயணம் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். மாலை நான்கு மணிக்குப் பின் அலுவலகம் முடிந்து திரும்புவோரின் நெரிசல் இருக்கும் என்பதால், தாயாருடன் வருகிற நீங்கள் காலையிலேயே புறப்படுவது நல்லது. திரும்பும்போது அதிவேக நெடுஞ்சாலை வழியாகக் காரில் வந்தால் களைப்புக் குறையும்.

உணவு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சோறும் பருப்பும் மரக்கறியும் எங்கும் கிடைக்கும், ஆனால் தேங்காய்ச் சம்பலில் மாசிக்கருவாட்டைப் பொடித்துச் சேர்ப்பது இங்கே வழக்கம். மரக்கறிக் கறிகள் சிலவற்றிலும் அது இருக்கக்கூடும். ‘சைவம்’ என்று மட்டும் சொன்னால் போதாது, ‘மாசி போட வேண்டாம்’ என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். கோட்டைக்குள் வாழும் முஸ்லிம்களில் பலர் தமிழ் பேசுவார்கள், ஆகவே விளக்கிச் சொல்வது கடினமாக இராது.

மகளுக்காக, காலிக்குப் போகும் முன் கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டுக்குரிய மும்மொழிக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்னும் இந்துத் தெய்வத்தையும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும் போற்றுகின்றன. அந்தக் கல் 1911இல் காலியில்தான் கண்டெடுக்கப்பட்டது. போர்த்துக்கீசர் வருவதற்கு முன்பே அந்தத் துறைமுகத்தில் நம் மொழிக்கு என்ன இடம் இருந்தது என்பதை மகள் நேரில் வாசித்துப் பார்க்கட்டும்.

மறுமொழி 3

வரலாற்று ஆர்வம் உள்ள பிள்ளைக்கு வடிகால் கதையையும் சொல்லுங்கள். 1640இல் போர்த்துக்கீசரிடமிருந்து காலியைப் பிடித்த ஒல்லாந்தர், கடல்நீரைக் கொண்டே கழிவை அலசி வெளியேற்றும் நிலத்தடிக் கால்வாய்களை அமைத்தார்கள்; நீரைக் கட்டுப்படுத்த டிரைட்டன் கொத்தளத்தில் ஒரு காற்றாலை இருந்தது. 1988இல் யுனெஸ்கோ இந்த ஊரை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது இந்த ஏற்பாடும் கவனம் பெற்றது.

பழைய வாயிலுக்குப் போனால் இரு பக்கமும் பாருங்கள். வெளிப்பக்கம் பிரித்தானிய அரசுச் சின்னம். உட்பக்கம் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்துகளும் இரு சிங்கங்களும் சேவலும், 1669 என்ற ஆண்டும் செதுக்கப்பட்டிருக்கும். அங்கிருந்து நடக்கும் தொலைவில் உள்ள 1755ஆம் ஆண்டுத் தேவாலயத்தின் தரையில் கல்லறைக் கற்களே பாவப்பட்டுள்ளன. கலங்கரை விளக்கம் 1939இல் கட்டப்பட்டது. அதற்கு எதிரே வெள்ளை வெளேரென்று நிற்கும் மீரான் பள்ளிவாசலை முதற்பார்வையில் தேவாலயம் என்றே நினைக்கத் தோன்றும். மதிலின் கற்களுக்கு இடையே பவளப்பாறைத் துண்டுகளைத் தேடச் சொல்லுங்கள், கிட்ட நின்று பார்த்தால் துளைத்துளையாக இருப்பது தெரியும். 2004 ஆழிப்பேரலையில் மதிலுக்கு வெளியே உள்ள புதுநகர் பெருஞ்சேதம் அடைந்தபோது கோட்டைக்குள் இருந்தவர்களைப் பெரிதும் காத்தது இந்த மதில்தான்.

உனவட்டுன கடற்கரை அருகில்தான் இருக்கிறது என்றாலும் இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கள். இரண்டு இரவுகளுக்குக் கோட்டையே போதும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு இரவுகள் தங்குவது என்று முடிவு செய்துவிட்டோம். நாளைத் தேர்ந்தெடுப்பதில் ஏதேனும் கவனிக்க வேண்டுமா?

மறுமொழி 2

பிப்ரவரி நல்ல காலம். தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில்தான் தொடங்கும். நாட்காட்டியில் நவம் பௌர்ணமி எந்த நாளில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். போயா எனப்படும் பௌர்ணமி நாள் இங்கே பொது விடுமுறை, அதுவும் வார இறுதியோடு சேர்ந்து வந்தால் உள்ளூர் மக்களே பெருந்திரளாகக் காலிக்கு வருவார்கள். திங்கள் முதல் வியாழனுக்குள் இரண்டு இரவுகள் அமையுமாறு பார்த்து, தரைத்தள அறையை இப்போதே கேட்டு வைத்துவிடுங்கள்.