நாலு நைதரசன் வளையம்: உகி-அசைட்டா, பிஜினெல்லியா?

தென்மராட்சியான்: நைதரசன் வளையம் செய்யிற இறுதி வருட மாணவர் ஆய்வுக்குத் திரும்பத் திரும்ப பிஜினெல்லித் தாக்கத்தையே (அல்டிகைட்டு, எதைல் அசற்றோஅசற்றேற்று, யூரியா மூன்றையும் ஒன்றாச் சேர்க்கிறது) குடுக்கிறது போதாது. வாற டைஐதரோபிரிமிடினோனில நைதரசன் இரண்டுதான், நிறையில 10.8%. உகி-அசைட்டுத் தாக்கத்தில அல்டிகைட்டு, அமீன், ஐசோசயனைட்டு, ட்ரைமெதில்சிலைல் அசைட்டு நாலையும் மெதனோலில கலக்கினால், சூடாக்காமலே டெட்ராசோல். ஒரே வளையத்தில நாலு நைதரசன்.

வெண்படிகம்: அந்த அசைட்டு மெதனோலோடு சேர ஐதரசோயிக் அமிலம் வரும். கொதிநிலை 37 பாகைதான். சித்திரை வெயிலில் யாழ்ப்பாணத்து ஆய்வுகூடம் அதற்கு எவ்வளவு கிட்ட நிற்கும்? கரண்ட் போய் பியூம் கப்போட் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டி) நின்றால், நச்சும் வெடிதன்மையும் உள்ள ஆவி முகத்துக்கு நேரே.

தென்மராட்சியான்: 1 மில்லிமூல் அளவில, ஐஸில வைச்சு, அசைட்டைக் கடைசியாச் சொட்டுச் சொட்டா விடலாம் அண்ணை. பிரித்தெடுக்க டைகுளோரோமீதேன் கூடவே கூடாது, வெடிக்கிற டைஅசைடோமீதேன் உண்டாகும். எதைல் அசற்றேற்று பாவியுங்கோ. மிஞ்சின அசைட்டை அழிக்க முதல் சோடியம் நைத்திரைற்று, பிறகுதான் அமிலம். ஒழுங்கு மாறினால் ஐதரசோயிக் அமிலம்தான் கிளம்பும்.

வெண்படிகம்: ஒருவர் செய்தால் சரி. ஒரு வகுப்பே செய்தால் யாரோ ஒருவர் சிங்கில் ஊற்றுவார். செம்பு, ஈயக் குழாயில் வெடிக்கும் உலோக அசைட்டு படியும். எங்கட சுண்ணாம்புக்கல் நிலத்தில் ஊறினது கிணற்றுக்குத்தான் போகும். நாலு நைதரசன்தானே வேணும்? பிஜினெல்லியில் யூரியாவுக்குப் பதில் 3-அமினோ-1,2,4-ட்ரையசோல் போடுங்கள். பென்சல்டிகைட்டு 1.06 கிராம், எதைல் அசற்றோஅசற்றேற்று 1.30, அமினோட்ரையசோல் 0.84, எல்லாம் 10 மில்லிமூல். கொஞ்ச டிஎம்எஃப் கரைப்பானில் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, எதனோல் சேர்த்தால், இரண்டு வளையம் ஒட்டி மொத்தம் நாலு நைதரசன் உள்ள ட்ரையசோலோபிரிமிடின் படியும். நைதரசன் 19.7%. அமினோட்ரையசோல் களைகொல்லி, தைரொயிட்டைத் தாக்கும், கையுறை கட்டாயம்.

சுன்னாகம்_கெமி: எந்த வழியானாலும் முதல் பென்சல்டிகைட்டைப் பாருங்கோ. பழைய போத்தலில அது காற்றோட சேர்ந்து பென்சோயிக் அமிலமாகியிருக்கும். 10% சோடியம் காபனேற்றால கழுவி, நீரகற்றி, குறைந்த அமுக்கத்தில வடிக்க வேணும். ஒடுக்கிக்குக் கிணற்றுத் தண்ணியை நேரே விட்டால் சுண்ணாம்பு படியும். வாளியில வடிநீரும் சின்னப் பம்பும் வைச்சுச் சுழலவிடுங்கோ.

தென்மராட்சியான்: ட்ரையசோல் வழி நல்லதுதான். ஆனால் வளையம் எந்தப் பக்கத்தால மூடினது எண்டு உருகுநிலை சொல்லாது. டெட்ராசோலில இந்தச் சந்தேகமே இல்லை.

வெண்படிகம்: புரோத்தன் என்எம்ஆர் (ஐதரசன் அணுக்களின் சூழலைக் காட்டும் காந்த நிறமாலை) சொல்லும். பீனைல் தாங்கின காபனில் உள்ள ஐதரசன், ஐதரசன் இல்லாத நைதரசனுக்குப் பக்கத்தில் இருந்தால் 6.2 பிபிஎம் அளவில் ஒற்றைக் கோடு. என்எச்சுக்குப் பக்கத்தில் என்றால் இரண்டாகப் பிளக்கும்.

தென்மராட்சியான்: அப்ப என்எம்ஆர் இல்லாத அறிக்கைக்குப் புள்ளி போடக்கூடாது. அதில விட்டுக்கொடுக்க மாட்டன்.