இகுவானாவின் தாடை வீங்கியிருக்கிறது, உதவி தேவை

வீடு மாறிப்போன அண்டை வீட்டார் விட்டுச்சென்ற பச்சை இகுவானா (பெரிதாக வளரும் ஒரு பல்லி வகை). வயது சுமார் இரண்டு. ஒரு மாதமாகக் கீழ்த்தாடை வீங்கி, தொட்டால் ரப்பர்போல் வளைகிறது. விரல்கள் துடிக்கின்றன, கிளையைப் பற்ற முடியாமல் வழுக்கி விழுகிறது. கால்சியம் குறைந்து எலும்பு மென்மையாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

கால்சியம் உடலில் சேர உதவும் புற ஊதா-பி விளக்கைப் புதிதாக மாற்றினேன். அந்தக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி இடையில் இல்லை, கம்பி வலைதான். குளிர்காயும் இடத்தில் 35 டிகிரி செல்சியஸ். கீரைமேல் கால்சியம் தூள் தூவினேன்; இப்போது கீரையையே தொடுவதில்லை. கேட்ட மருத்துவர்கள் எல்லாரும் நாய், பூனை மட்டும்தான் என்று கைவிரித்துவிட்டார்கள். (ஒன்றரை மீட்டருக்கு மேல் வளரும் உயிரை உள்ளங்கை அளவில் விற்க அனுமதித்தவர்கள், வைத்தியம் பார்க்க ஆள் உண்டா என்று யோசித்திருக்க வேண்டாமா?)

நாய், பூனை பார்க்கும் மருத்துவரே ஊர்வன நிபுணரிடம் தொலைபேசியில் ஆலோசனை பெற்றுச் சிகிச்சை தந்து, உங்களில் யாருடைய இகுவானாவாவது தேறியிருக்கிறதா?