மேலூர் வீடு குடும்பக் குழு அரட்டை: செவ்வாய்க்கிழமை நகர மன்றக் கூட்டத்துக்கு யார் வருகிறீர்கள்?

சின்னவன்: காலையில் பிரியஸ் எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் டிராக்டர் மாதிரி சத்தம். குனிந்து பார்த்தால் அடியில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருந்த இடம் காலி. ராத்திரி அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சனிக்கிழமை வளைகாப்புக்கு டல்லாஸ் வரை இதில் வர முடியாது

மதுரை சித்தி: ஐயோ. உனக்கு ஒன்றும் இல்லையே?

சின்னவன்: தூங்கிக்கொண்டிருந்தேன் சித்தி

அக்கா: வளையல் பெட்டி உன்னிடம்தானே இருக்கிறது??

சின்னவன்: ஆமாம்

பெரிய மாமா: அந்தக் காரை அப்போதே தள்ளிவிடச் சொன்னேன்.

சின்னவன்: எனக்கு விற்றதே நீங்கள்தான் மாமா

மதுரை சித்தி: அது என்ன சாமான், தங்கமா?

பெரியண்ணன்: தங்கம் மாதிரிதான் சித்தி. புகைக்குழாயில் விஷப் புகையைக் குறைக்க வைத்திருப்பார்கள், உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கும். 2021இல் ரோடியம் விலை அவுன்சுக்கு 25,000 டாலரைத் தாண்டியது, இப்போது நன்றாக இறங்கியும் திருடர்கள் விட்டபாடில்லை. பிரியஸ் பாதி நேரம் பேட்டரியில் ஓடுவதால் கன்வெர்ட்டர் அதிகம் கெடாது, உலோகம் நிறைய மிஞ்சியிருக்கும். ஒரு ஜாக்கி, ஒரு பேட்டரி ரம்பம், இரண்டு நிமிட வேலை.

சித்தப்பா: நம் லாம்பி ஸ்கூட்டர் ஸ்டெப்னி போன மாதிரி

பெரிய மாமா: அது யாரால் போனது என்றும் சொல்லுங்கள்.

சித்தப்பா: அன்றைக்கு கேட்டைப் பூட்ட வேண்டியது நீங்கள். நாற்பது வருஷமாக என் தலையில்.

மதுரை சித்தி: இப்போது அது எதற்கு

அக்கா: இன்சூரன்ஸ் தருமா?

சின்னவன்: தராது. திருட்டுக்கும் பணம் தருகிற காம்ப்ரிஹென்சிவ் பகுதியைப் போன வருஷம் எடுத்துவிட்டேன். யார் பேச்சைக் கேட்டு என்று அண்ணனைக் கேள்

பெரியண்ணன்: நான்தான் சொன்னேன், பழைய காருக்கு எதற்குக் கூடுதல் பிரீமியம் என்று. தப்புத்தான்டா. அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு மட்டும் தருகிற வெறும் லயபிலிட்டி இருந்தால் திருட்டுக்கு ஒரு சென்ட் வராது, எல்லாரும் இன்றே அவரவர் பாலிசியைப் பாருங்கள். போலீஸில் எழுதிக் கொடுத்தாயா?

சின்னவன்: இல்லை. கொடுத்து என்ன ஆகப்போகிறது

பெரியண்ணன்: கொடு. செவ்வாய்க்கிழமை நம் நகர மன்றக் கூட்டத்தில் இதே விஷயம்தான் வருகிறது. டெக்சாஸ் மோட்டார் வாகனக் குற்றத் தடுப்பு ஆணையத்திடம் மானியம் கேட்கத் தீர்மானம் போடுகிறார்கள். 2022 மார்ச்சில் இங்கே ஹூஸ்டன் பக்கம் ஹாரிஸ் கவுண்டி போலீஸ்காரர், டெபுடி டேரன் அல்மெண்டாரஸ், மனைவியோடு மளிகைக் கடைக்குப் போன இடத்தில், தன் டிரக்கின் அடியில் அறுத்துக்கொண்டிருந்தவர்களைத் தடுக்கப் போய்ச் சுடப்பட்டு இறந்தார், நினைவிருக்கிறதா? அவர் பெயரில் 2023இல் வந்த சட்டம்தான் இந்த நிதிக்கு வழி செய்தது. நம் ஒவ்வொரு வண்டியின் இன்சூரன்ஸிலும் வருஷத்துக்கு 5 டாலர் போகிறதே, அதில் ஒரு பங்கு இதற்கு. நம் பணம், நம் ஊருக்கு வரட்டும். அறுத்த கன்வெர்ட்டரை உரிமையில்லாமல் கையில் வைத்திருந்தாலே சிறைக்குப் போகிற குற்றம் என்று ஆக்கியிருக்கிறார்கள், ஆனால் பழைய இரும்புக் கடைகளைப் போய்ச் சோதிக்க ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். ஊரில் எத்தனை திருட்டு என்ற கணக்கை வைத்துத்தான் கேட்க முடியும். நீ எழுதிக் கொடுக்காவிட்டால் உன் கார் அந்தக் கணக்கிலேயே இல்லை.

அக்கா: வளையல்???

குட்டி: என் காரில் கொண்டு வரலாம், கரண்ட் வண்டி, அதில் கன்வெர்ட்டரே கிடையாது. ஆனால் வெள்ளி ராத்திரி எனக்கு ஷிப்ட்

மதுரை சித்தி: சீர்த்தட்டு ஏழா ஒன்பதா?

பெரிய மாமா: ஒன்பது.

அத்தை: எங்கள் பெண்ணுக்கு ஏழுதான் வைத்தீர்கள்.

பெரிய மாமா: அப்போது நிலைமை வேறு.

பெரியண்ணன்: செவ்வாய் சாயங்காலம் யார் வருகிறீர்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை

குட்டி: முயற்சி செய்கிறேன் அண்ணா

சின்னவன்: மைக்கில் எல்லாம் என்னால் பேச முடியாது

பெரியண்ணன்: நீ பேச வேண்டாம், நான் பேசுகிறேன். பறிகொடுத்தவன் என்று பக்கத்தில் வந்து நில். வண்டி எண்ணைக் கன்வெர்ட்டரில் பொறித்துக் கொடுக்க ஒரு முகாம் போடச் சொல்லியும் கேட்கப்போகிறேன், எண் இருந்தால் பிடிபட்டது யாருடையது என்று சொல்லலாம். நம் தெருவிலேயே பழைய பிரியஸ் மூன்று நிற்கிறது.

சின்னவன்: ஆன்லைனில் எழுதிக் கொடுத்துவிட்டேன். கேஸ் நம்பர் வந்தது

பெரியண்ணன்: நல்லதுடா. செவ்வாய் நான் வந்து கூட்டிப்போகிறேன்

சின்னவன்: பார்க்கலாம்

அக்கா: வளையலை யார்தான் கொண்டு வருகிறீர்கள்?

குட்டி: வியாழக்கிழமை சொல்கிறேன் அக்கா

மதுரை சித்தி: ஒன்பது என்றால் இரண்டு தட்டு குறைகிறதே