நீலப் பவுடர், வெள்ளை நுரை
(தண்டையார்பேட்டையில் எங்கள் தெருக் குழு)

சாந்தி அக்கா: புதிதாக வாங்கின துணி பவுடர் நல்ல நீலம். பக்கெட் தண்ணீரும் நீலம். நுரை மட்டும் வெள்ளை வெளேரென்று நிற்கிறது. போலிச் சரக்கா?

பாபு: பாக்கெட்டைப் போட்டோ எடுத்துப் போடுங்க அக்கா.

மாலா டீச்சர்: போட்டோ எதற்கு? எந்தப் பவுடராக இருந்தாலும் நுரை வெள்ளைதான். நுரையில் முக்கால்வாசிக்கு மேல் காற்று. நடுநடுவே சவ்வு மாதிரி கொஞ்சம் தண்ணீர். அத்தனை மெல்லிய தண்ணீரில் எவ்வளவு நீலம் இருந்துவிடப் போகிறது?

பாபு: சரி, நீலம் இல்லை. அப்போ கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியணுமே டீச்சர்? வெள்ளை எங்கிருந்து வந்தது?

மாலா டீச்சர்: தண்ணீரும் காற்றும் தொடுகிற ஒவ்வொரு பரப்பிலும், நேராக விழும் வெளிச்சத்தில் சுமார் 2% திரும்பிவிடும். ஒரே ஒரு குமிழியில் அது பெரிதாகத் தெரியாது. ஆனால் ஒரு கை நுரையில் எத்தனை ஆயிரம் குமிழி! உள்ளே போன வெளிச்சம் அங்கங்கே மோதித் திரும்பி, கடைசியில் பெரும்பகுதி வெளியே வந்துவிடுகிறது. சிவப்பு, பச்சை, நீலம் எல்லாம் பாரபட்சமில்லாமல் கலந்து வருவதால் வெள்ளை. கல் உப்பைப் பொடித்தால் இன்னும் வெளுப்பதும் இதே கதைதான்.

ரமேஷ்: தண்ணி லாரி வந்தாச்சு. முனையில் நிற்கிறது.

சாந்தி அக்கா: தம்பி, என் குடத்தையும் வரிசையில் வை. இதோ வந்துட்டேன்.

பாபு: டீச்சர், டிகாஷன் நுரை மட்டும் ஏன் பழுப்பு? மாட்டிக்கிட்டீங்களா 😄

மாலா டீச்சர்: அதில் சாயம் ரொம்பக் கெட்டிடா. ஒரு சவ்வைத் தாண்டும்போது வெளிச்சம் துளிதான் குறையும்; நூறு சவ்வைத் தாண்டி வந்தால்? காபிச் சாயம் நீலத்தை நிறைய விழுங்கும், சிவப்பை அவ்வளவாக விழுங்காது. மிச்சம் வருவது பழுப்பு. டம்ளரில் ஆழமாக இருக்கும்போது எல்லாவற்றையும் விழுங்குவதால்தான் டிகாஷன் கறுப்பாகத் தெரிகிறது. தட்டில் மெல்லிசாக ஊற்றிப் பார், அதுவும் பழுப்புதான். பவுடர் நீலம் இதன் பக்கத்தில்கூட வராது.

செல்வம் அண்ணன் (காசிமேடு): கடல் நுரையும் அப்படித்தானா? 2019 டிசம்பரில், மழைக்கு அப்புறம் மெரினா கரையெல்லாம் வெள்ளையாக ஒதுங்கியதே. பிள்ளைகள் அதில் இறங்கி ஆடி, செல்பி வேறு.

மாலா டீச்சர்: வெள்ளைக்குக் காரணம் அதே குமிழிதான். சுத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சோப்புச் சரக்கு கலந்த கழிவுநீர் மழை வெள்ளத்தோடு கடலில் சேர்ந்ததால் வந்த நுரை அது. பாசி செத்து அழுகினாலும் அலை அடித்து நுரை கட்டும். மண்ணும் பாசியும் கூடினால் நிறம் மங்கும், அவ்வளவுதான். அதில் பிள்ளைகளை இறக்கியதைப் பார்த்து எனக்கு அப்போதே கோபம் வந்தது.

செல்வம் அண்ணன்: எங்களுக்கு வேறு கோபம் டீச்சர். அந்த வாரம் மீன் வாங்க வந்தவர்கள் எல்லாம், "நுரைத் தண்ணியில பிடிச்சதா?" என்று கேட்டுவிட்டு அப்படியே திரும்பிப் போனார்கள்.