'வரலாற்று வரம்பு' வேண்டாம், 'வரைதட நீளம்' என்று வைக்கலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கண்காணிப்பு மென்பொருளில், ஒரு வரைபடம் பழைய அளவீட்டுப் புள்ளிகள் எத்தனையை வைத்திருக்கலாம் என்று கேட்கும் எண்ணிடும் கட்டத்துக்கு நாம் 'வரலாற்று வரம்பு' என்று பெயரிட்டோம். அதை ஆதரித்தவர்களில் நானும் ஒருவன். இப்போது அதை மாற்றக் கோரியே எழுதுகிறேன்.

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையில் ஓர் இறால் பண்ணையில், நான்கு குளங்களின் கரைந்த ஆக்சிஜன் அளவை நொடிக்கு ஒருமுறை வாங்கிக் கோடாக வரையும் கணினி இரவும் பகலும் ஓடுகிறது. இருட்டிய பின் நீரிலுள்ள நுண்பாசி ஆக்சிஜனை உண்டாக்காது. இறாலும் பாசியும் அடிச்சேறும் அதை எடுத்துக்கொண்டே இருப்பதால், விடியலுக்குச் சற்று முன் அளவு மிகவும் இறங்கும். காவலில் இருப்பவர், மாலையிலிருந்து கோடு இறங்கிவந்த சாய்வைப் பார்த்துத்தான் நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் எல்லாவற்றையும் ஓட்டலாமா என்று முடிவு செய்கிறார்.

சென்ற மாதம் அப்படியொரு விடியலில் திரை அசையாமல் நின்றுவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது வரம்புக் கட்டத்தில் 0 என்று, அதாவது வரம்பே இல்லை என்று இருந்தது. நாளொன்றுக்கு 86,400 நொடி என்றால் நான்கு குளங்களுக்கு 3,45,600 புள்ளிகள். 20 நாள் நிறுத்தாமல் ஓடியதில் சேர்ந்த ஏறத்தாழ 69 லட்சம் புள்ளிகளையும், 1,920 படப்புள்ளி (பிக்சல்) அகலமே உள்ள ஒரு திரைக்காக, அந்த வரைபடம் நினைவகத்தில் சுமந்துகொண்டு ஒவ்வொரு நொடியும் திரும்ப வரைந்துகொண்டிருந்தது. ஏன் எண் எதுவும் இடவில்லை என்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன். "வரலாறுன்னு போட்டிருக்கு சார், அதுக்கு வரம்பு வச்சா பழைய ரெக்கார்டு அழிஞ்சிருமேன்னு விட்டுட்டேன்" என்றார். கணினியின் வட்டிலுள்ள (டிஸ்க்) பதிவுக் கோப்பை அந்தக் கட்டம் தொடுவதே இல்லை. ஆனால் அவர் அந்தச் சொல்லைப் படித்த விதத்தில் பிழை இல்லை. பிழை நாம் வைத்த சொல்லில் இருக்கிறது.

எனவே திரையில் நிற்பதற்கும் வட்டில் கிடப்பதற்கும் வேறு வேறு சொல் வேண்டும். வட்டில் உள்ளது 'பதிவு'. வரைபடம் கையில் வைத்திருப்பதை, 'வரைபடம்' போலவே வினைத்தொகையாக, 'வரைதடம்' எனலாம். ஓடும் படகின் பின்னால் நுரைத்தடம் படகோடு கூடவே வரும். படகை ஒட்டிப் புது நுரை எழ எழ, கடைக்கோடியில் பழைய நுரை கலைந்துபோகும். நீளம் மட்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். இந்தக் கட்டம் செய்வதும் அதுதான்: இடம் நிறைந்தபின் வரும் ஒவ்வொரு புள்ளிக்கும் மிகப் பழைய புள்ளி ஒன்று வெளியேறுகிறது. வெறும் 'தடம்' போதாதா என்றால், அது வட்டுக்கும் ஒலிக்கும் ஏற்கெனவே வழங்குகிறது.

மூத்த ஐயா ஒருவர் 'கலுங்கு மட்டம்' என்று முன்மொழிந்தார். கண்மாய்களின் மாவட்டத்தில் பிறந்தவனாக அந்தச் சொல்லின் மேல் எனக்கும் பிரியம் உண்டு. ஆனால் கண்மாய் நிறைந்து கலுங்கில் வழியும் நீரில் பழையது, புதியது என்ற வரிசை கிடையாது. இங்கே அந்த வரிசைதான் உயிர். இடையகம் (தரவைத் தற்காலிகமாகத் தேக்கும் நினைவிடம்) நிரம்பி வழிவதைக் குறிக்கக் கலுங்கைக் காத்து வைப்போம் என்பது என் வேண்டுகோள்.

பதிவே சுருங்குகிற மென்பொருள்களும் உண்டு. 1999இல் வெளிவந்த ஆர்ஆர்டிடூல், கோப்பின் அளவு கூடாதபடி பழைய அளவீடுகளைச் சராசரியாகவோ பெருமமாகவோ சிறுமமாகவோ சுருக்கி வைக்கும். அங்கே உண்மையாகவே தரவு இழக்கப்படுவதால் 'பதிவுக்காப்பு வரம்பு' என்று எச்சரிக்கும் சொல்லே தகும்.

அலகையும் சேர்த்தே காட்ட வேண்டும்; வெறும் 500 என்றால் நொடிக்கு ஒருமுறை அளக்கும் குளத்துக்கு எட்டு நிமிடச் சொச்சம்தான் மிஞ்சும். ஒப்புதல் கிடைத்தால் அமைப்புப் பக்கத்தில் இப்படி இடுகிறேன்: "வரைதட நீளம்: 43,200 புள்ளிகள் (12 மணி நேரம்). பதிவுக் கோப்பு மாறாது."