ரே சார்ல்ஸ் குறுந்தகட்டைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்

வணக்கம். ரே சார்ல்ஸின் ‘ஜீனியஸ் லவ்ஸ் கம்பெனி’ குறுந்தகடு திக்குகிறது. அவர் 2004 ஜூனில் இறந்தார். ஆகஸ்டில் இந்த ஆல்பம் வந்தது. 12 பாட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு விருந்தினர் குரல். நோரா ஜோன்ஸ், பி.பி. கிங், எல்டன் ஜான் எல்லோரும் உண்டு. எல்டன் ஜானோடு பாடும்போது கிழவரின் குரல் தளர்ந்திருக்கும். எனக்கு அதுதான் உயிர்.

தொல்லை கடைசிப் பாட்டில், வான் மாரிசனோடு பாடியதில். குறுந்தகடு நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடும். ஆகவே கடைசிப் பாட்டு விளிம்போரம். என் மகள் தரையில் வைத்துச் சுழற்றியதில் தேய்ந்ததும் அங்கேதான். கீறல் குறுக்கே விழுந்திருந்தால் தப்பியிருக்கலாம், இது வட்டமாகத் தடத்தோடு போகிறது. பெயர் அச்சிட்ட மேல்பக்கம், நல்லவேளை, பழுதில்லை.

பற்பசை தேய்க்கச் சொல்கிறார் நண்பர். கை வரவில்லை. யாராவது செய்து பார்த்தீர்களா? இயந்திரத்தில் மெருகேற்றித் தரும் கடை சென்னையில் இன்னும் இருக்கிறதா?

புதிதாக வாங்கச் சொல்லாதீர்கள். இந்தத் தட்டின் மேல் அப்பா தன் கையால் தேதி எழுதியிருக்கிறார்.